குழாயைக் குறை சொல்லும் முன்

வாசகர் கேள்விகள்: வீட்டுக் குழாயும் வெந்நீரும்

சேலம் குகைப் பகுதியில் 31 ஆண்டுகளாகக் குழாய் வேலை செய்துவருகிறேன். வாரத்தில் இரண்டு நாள் ஏற்காட்டில் இருப்பேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எந்தக் கம்பெனிக் குழாய் நல்லது?" அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. நல்ல குழாயையும் ஆறே மாதத்தில் கெடுக்கும் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன். பாட்டி காலத்துப் பித்தளைக் குழாய் இன்றுவரை சொட்டாமல் நிற்கும் வீட்டையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது, வழியில் எதையெல்லாம் தாண்டுகிறது என்று விவரமாக எழுதியவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வீடு கட்டிக் குடிவந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. குழாய் முனையெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. குளியலறை ஹீட்டர் சூடாகும்போது உள்ளே சோறு கொதிப்பதுபோலச் சத்தம் கேட்கிறது. இரண்டு முறை காயில் மாற்றிவிட்டோம். கறை போகட்டும் என்று ஆசிட் ஊற்றித் தேய்த்ததில் குழாயின் பளபளப்பும் போய்விட்டது. வீட்டில் போர் தண்ணீர். காவிரித் தண்ணீர் சமையலுக்கு மட்டும். என்ன செய்யலாம், அண்ணா?
(வாசகி, ஜாகிர் அம்மாபாளையம்)

பதில்: அம்மா, செட்டிச்சாவடி, கருப்பூர் பக்கம் போனால் மண்ணே வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரர்கள் அதைச் சுண்ணாம்பு என்று நினைத்து 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது சுண்ணாம்பு இல்லை, மாக்னசைட். அதாவது மக்னீசியம் கார்பனேட். நம் ஊர் பூமியின் குணம் அது. இங்கே நான் வேலை செய்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் போர் தண்ணீர், கால்சியமும் மக்னீசியமும் கரைந்த கடினத் தண்ணீராகவே இருந்தது. சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரிவதும், துணி விறைத்துப்போவதும் அதனால்தான்.

பச்சைத் தண்ணீரில் இந்த உப்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தே இருக்கும். சூடு ஏறியதும் கரைந்திருந்தது பிரிந்து கல்லாகப் படியும். ஹீட்டரில் மிகவும் சூடான இடம் காயில். அதனால் முதலில் அதன்மேல்தான் படிகிறது. அந்தப் படிவம் காயிலுக்குக் கம்பளி போர்த்தியதுபோல ஆகிவிடும். காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாது, காயில் தன் சூட்டிலேயே வெந்து வெடிக்கும். நீங்கள் கேட்கும் கொதிக்கும் சத்தம், படிவத்தின் இடுக்கில் சிக்கிய தண்ணீர் அங்கேயே ஆவியாகிக் குமிழிடும் சத்தம். மூன்றாவது காயில் போட்டாலும் இதே கதிதான்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். தெர்மோஸ்டாட்டைக் கடைசிவரை திருகி வைத்திருப்பீர்கள். அதை 55 டிகிரி அளவுக்குக் குறைப்பேன். 60 டிகிரியைத் தாண்டினால் உப்பு படிவது வேகம் பிடிக்கும். பிறகு ஹீட்டரைக் கழற்றி, அடியில் குவிந்திருக்கும் கல்லை வாரி வெளியே கொட்டுவேன். சில வீடுகளில் இரண்டு படி அளவுக்கு வாரியிருக்கிறேன். கழற்றிய கையோடு உள்ளே இருக்கும் ஆனோடு கம்பியைப் பார்ப்பேன். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே வைத்த கம்பி அது. அதுவும் பெரும்பாலும் மக்னீசியம்தான். பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பலர் ஹீட்டர் வாங்கிய நாள் முதல் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. தொட்டி ஓட்டையானதும் கம்பெனியைத் திட்டுகிறார்கள். நம் தண்ணீருக்கு ஆண்டுக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்வது அவசியம்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி, காவிரித் தண்ணீர் தொட்டியிலிருந்து ஹீட்டருக்கு ஒரு தனி லைன் இழுப்பது. சேலத்தில் இரண்டு தொட்டி இல்லாத வீடு குறைவு. காவிரித் தண்ணீரை அடுக்களைக்கு மட்டும் பொத்திப் பொத்தி வைக்கிறோம். ஹீட்டருக்குள் போகும் தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று நான்கு வாளிதான். அதை மிச்சம் பிடித்து ஆண்டுக்கொரு காயில் வாங்குவதில் லாபம் இல்லை.

தண்ணீரைச் சோதிக்க வேண்டுமென்றால் கடையில் விற்கும் டி.டி.எஸ். மீட்டரை நம்பாதீர்கள். மொத்தத்தில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் அது காட்டும். கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துப் பரிசோதியுங்கள். இந்தியத் தரப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. உங்கள் அறிக்கையில் வரும் எண்ணை எனக்கு எழுதுங்கள். கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் கருவி வேண்டுமா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பைப்பில் கட்டும் காந்தத்தை மட்டும் வாங்காதீர்கள். நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டிலும் அதனால் உப்பு குறைந்ததில்லை.

ஆசிட் விஷயம். குழாயின் பளபளப்பு வெறும் மெல்லிய குரோம் முலாம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மெருகு போடுபவர்களைக் கேட்டுப் பாருங்கள், முலாம் பூசிய பொருளை ஆசிட் என்ன செய்யும் என்று அவர்கள் சொல்வார்கள். போன முலாம் திரும்பாது. இனி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த துணியைக் குழாய் முனையில் ஒரு மணி நேரம் சுற்றி வைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். முனையில் இருக்கும் சல்லடையைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று என்னை அழைத்த எத்தனையோ வீடுகளில் அந்தச் சல்லடையைக் கழுவிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் திரும்பியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, இது தாத்தா காலத்து வீடு. போன தை மாதம் பழைய இரும்புப் பைப்புகளை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் பைப் போட்டோம். அதிலிருந்து ஷவரைத் தொட்டால் விரலில் லேசாகச் சுருக்கென்கிறது. ஈரக் கைக்கு அப்படித்தான் இருக்கும் என்கிறார் வீட்டுக்காரர். வெந்நீர் நன்றாகத்தான் வருகிறது.
(வாசகி, செவ்வாய்ப்பேட்டை)

பதில்: தாயே, இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். எழுந்துபோய் ஹீட்டரின் சுவிட்சை அணைத்து, மின்சாரப் பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சையும் இறக்கிவிட்டு வாருங்கள். ஈரக் கைக்கு அப்படி இருக்காது. தண்ணீரில் மின்சாரம் கசிகிறது. இன்றைக்குச் சுருக்கென்றது நாளைக்கு ஆளை இழுக்கும்.

நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே காரணம் இருக்கிறது. பழைய வீடுகளில் எர்த் ஒயரைத் தனியாக மண்ணில் புதைக்காமல் தண்ணீர் பைப்பிலேயே கட்டிவிடுவார்கள். இரும்புப் பைப் மண்ணுக்குள் போவதால் கசிந்த மின்சாரம் அந்த வழியில் பூமிக்குப் போய்விடும். உங்கள் ஹீட்டர் காயிலின் உறை முன்பே விரிசல் விட்டிருக்கலாம். இரும்புப் பைப் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் போட்ட அன்று அந்த வழி அடைந்துவிட்டது. இப்போது மின்சாரத்துக்கு ஷவரும் உங்கள் கையும்தான் வழி. பைப் மாற்ற வந்தவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் பைப் மாற்றும் ஒவ்வொரு பழைய வீட்டிலும் முதலில் எர்த் ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ரென்சை எடுப்பேன்.

இது என் வேலை இல்லை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: வீட்டுக்குத் தனி எர்த் குழி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி, ஹீட்டர் காயிலில் கசிவு இருக்கிறதா என்ற சோதனை. ஹீட்டரை அணைத்த பிறகும் சுருக்கென்றால் போர் மோட்டாரிலிருந்து கசிவு வரலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். 2,000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கும் அதற்குத் தகுந்த கனமான ஒயரும் வேண்டும். இவையெல்லாம் முடியும்வரை அடுப்பில் அண்டா வைத்து வெந்நீர் போடுங்கள். வாளியில் போடும் ஹீட்டர் கம்பியை இந்த வீட்டில் பயன்படுத்தவே கூடாது.

இந்தக் கடிதம் எனக்கு வந்து சேர்ந்த அன்றே உங்கள் வீட்டு எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட்டேன். ஆனால் இதே நிலையில் எழுதாமல் இருக்கும் வீடுகள் உண்டு. அவர்களுக்காகவே இங்கே திரும்ப எழுதுகிறேன்.

கேள்வி: மாடியில் புதிதாக, வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் ஒற்றைக் கைப்பிடி மிக்சர் குழாய் போட்டோம். தண்ணீர் பலமாக வர வேண்டும் என்று பிரஷர் பம்ப்பும் வைத்தோம். இப்போது பச்சைத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. வெந்நீர்ப் பக்கம் திருப்பினால் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. ஹீட்டர் கொதிக்கிறது, குழாயில் மட்டும் வரவில்லை. மிக்சரை மாற்றிவிடலாமா?
(வாசகர், அம்மாப்பேட்டை)

பதில்: மாற்ற வேண்டாம் தம்பி. பம்ப்பிலிருந்து வரும் லைன் எங்கே பிரிகிறது என்று மாடிக்குப் போய்ப் பாருங்கள். பம்ப் பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் இருக்கும், ஹீட்டருக்குத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் லைன் இருக்கும். என் ஊகம் அதுதான்.

தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். உங்கள் தொட்டியின் அடிக்கும் ஷவருக்கும் இடையே மூன்று மீட்டர் இருந்தால் வெந்நீர்ப் பக்கம் கால் கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. பம்ப் பக்கம் ஒன்றரை, இரண்டு கிலோ. மிக்சருக்குள் இரண்டும் சந்திக்கும்போது பலமானது பலவீனமானதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். சில வீடுகளில் பச்சைத் தண்ணீர் மிக்சர் வழியாக வெந்நீர் லைனுக்குள்ளேயே ஏறிவிடுவதும் உண்டு. ஹீட்டருக்குப் போகும் லைனையும் பம்ப்புக்குப் பின்னால் மாற்றி இணையுங்கள். மாற்றும் முன் ஹீட்டரின் மேல் எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். 3 லிட்டர் உடனடி ஹீட்டர்களிலும் பழைய ஹீட்டர்களிலும் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

பம்ப் வைக்க வசதியில்லாத வீட்டுக்காரர்களுக்கு ஒரு சொல். ஒற்றைக் கைப்பிடி மிக்சர்களில் பல, அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ அழுத்தத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. நம் ஒற்றை மாடி வீட்டுத் தொட்டி அதைத் தராது. இரண்டு கைப்பிடி வைத்துச் சுவரில் மாட்டும் பழைய மாதிரி மிக்சர் அங்கே நன்றாக வேலை செய்யும். கடையில் இருப்பவர் இதைச் சொல்வதில்லை. நீங்களே தொட்டியின் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் மூன்று அறை வைத்து விருந்தினர்களைத் தங்கவைக்கிறோம். ஹீட்டர் ஒரு மூலையில், கடைசி அறை 18 மீட்டர் தூரத்தில். விருந்தினர் வெந்நீர் வரும்வரை திறந்துவிட்டே நிற்கிறார்கள். மார்கழியில் காலை வேளையில் வெந்நீர் போதுவதும் இல்லை. குளியலறைக்குள்ளேயே கேஸ் ஹீட்டர் மாட்டிவிடலாமா?
(வாசகர், நாகலூர்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. குளியலறைக்குள் கேஸ் ஹீட்டர் கூடவே கூடாது. அது எரிய, அறைக்குள் இருக்கும் காற்றை எடுத்துக்கொள்கிறது. குளிருக்கு ஜன்னலை இறுக்க மூடிய சின்ன அறையில் காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. குளிப்பவர் மயங்குவார், கதவு உள்ளே தாழிட்டிருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் மலையில் ஒரு விடுதியில் கதவை உடைத்து ஓர் இளைஞரை வெளியே தூக்கிவந்தோம். பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து உள்ளே மாட்டச் சொல்லும் எந்த வேலையையும் நான் எடுப்பதில்லை. கேஸ் ஹீட்டர்தான் வேண்டுமென்றால் வெளிச்சுவரில், காற்றோட்டமான இடத்தில், மழை படாத கூரைக்குக் கீழே மாட்டுங்கள்.

இப்போது உங்கள் பைப். முக்கால் அங்குலப் பைப்பில் மீட்டருக்குக் கால் லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் நிற்கும். 18 மீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த அந்த ஐந்து லிட்டர் வெளியேறினால்தான் வெந்நீர் வந்து சேரும். பிறகு குளிர்ந்த பைப்பும் தன் பங்குக்குச் சூட்டை உறிஞ்சும். உங்கள் லைன் வெளிச்சுவரில் பனி படும்படி ஓடுகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒருவர் குளித்து முடித்து அடுத்தவர் வருவதற்குள் அது ஆறிவிடும். பைப்புக்கு நுரை உறை போடுவது செலவு குறைந்த வேலை, அதை இந்த வாரமே செய்யுங்கள். கடைசி அறைக்கு 15 லிட்டரில் தனி ஹீட்டர் ஒன்று வைத்துவிட்டால் நீங்கள் எழுதிய பிரச்சினையில் முக்கால் பங்கு தீரும். வெந்நீர் லைனுக்குச் சாதாரண பி.வி.சி. பைப் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சூட்டில் அது இளகித் தொங்கும். சூடு தாங்கும் சி.பி.வி.சி. பைப்தான் வெந்நீருக்கு.

வெந்நீர் போதாததற்கு ஹீட்டர் காரணமில்லை. சேலத்தில் 25 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2,000 வாட் ஹீட்டருக்கு அரை மணி நேரம் போதும். உங்கள் மலையில் மார்கழிக் காலையில் தண்ணீர் 13 டிகிரிக்கு இறங்கிவிட்டால் அதே வேலைக்கு 40 நிமிடம் ஆகும். கலப்பதற்கான பச்சைத் தண்ணீரும் அதிகக் குளிராக இருப்பதால் ஒவ்வொருவரும் வெந்நீரையே கூடுதலாகத் திறப்பார்கள். கீழே இரண்டு பேர் குளிக்கும் ஹீட்டரில் அங்கே ஒருவர்தான் குளிக்க முடியும். அறைகளுக்கு அந்தக் கணக்கில் ஹீட்டர் வாங்குங்கள்.

விருந்தினரில் சிலர் "இங்கே தண்ணீர் கொதித்தாலும் சூடு குறைவு" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கொதிக்கும் தண்ணீரைப் பற்றி அது உண்மை. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாவதற்கு அது காரணம். குளிக்கும் வெந்நீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: ஹீட்டரின் அடியில் இருக்கும் வால்வு, சூடாகும்போதெல்லாம் சொட்டுகிறது. தரை ஈரமாவதால் மூடி போட்டு அடைத்துவிடச் சொல்கிறார் ஒருவர்.
(வாசகர், ஓமலூர்)

பதில்: அடைக்காதீர்கள். தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர், 60 டிகிரிக்குப் போகும்போது ஒரு பெரிய டம்ளர் அளவுக்கு, ஏறத்தாழ 350 மில்லி லிட்டர், கூடுகிறது. திரும்பிப் போகாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு உள்ள லைனில் அது வெளியேற இருக்கும் ஒரே வாசல் இந்தப் பாதுகாப்பு வால்வுதான். வாசலை அடைத்தால் தொட்டி வெடிக்கும். ஒரு சிறு டியூபை மாட்டி வடிகாலுக்கு விடுங்கள், தரை நனையாது. ஹீட்டர் ஆறிக் கிடக்கும்போதும் நிற்காமல் சொட்டினால் வால்வில் உப்பு சிக்கியிருக்கிறது அல்லது பம்ப் அழுத்தம் அதிகம். அப்போது வால்வை மாற்றலாம்.

கேள்வி: சித்திரை வெயிலில் மதியம் மூன்று மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குழாயில் கை வைக்க முடியவில்லை. குழந்தைக்குக் கால் கழுவும்போது சுட்டு அழுதுவிட்டான்.
(வாசகி, கொண்டலாம்பட்டி)

பதில்: கறுப்புத் தொட்டியைவிட மொட்டை மாடியில் வெயிலில் படுத்துக்கிடக்கும் பைப்தான் அதிகம் சுடும். முதலில் வரும் ஒரு வாளி அந்தப் பைப்பில் கொதித்துக் கிடந்தது. அதைத் துணி ஊறவைக்கப் பிடித்துவிட்டுப் பிறகு குழந்தைக்குத் திறந்துவிடுங்கள். பைப்புக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, செங்கல் வரிசையோ சாக்கோ போட்டு மூடுங்கள். தொட்டிக்கு மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். தொட்டியைப் பாதியில் விடாமல் காலையிலேயே நிரப்பி வையுங்கள். நிறைந்த தொட்டி மெதுவாகத்தான் சூடாகும். எந்தக் காலமானாலும் உங்கள் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்த பிறகே குழந்தை மேல் ஊற்றுங்கள். 60 டிகிரி தண்ணீர் பட்டால் பெரியவர்களுக்கே ஐந்து விநாடியில் தோல் வெந்துவிடும். குழந்தையின் தோல் அதைவிட மெல்லியது.

கேள்வி: என் மாமியாருக்கு விரல் மூட்டெல்லாம் வலி. குழாயை இறுக்கி மூட முடியாமல் இரவெல்லாம் சொட்டுகிறது. வாஷர் மாற்றினாலும் இரண்டே மாதம்.
(வாசகி, தாதகாப்பட்டி)

பதில்: திருகுக் குழாய் ரப்பர் வாஷரை நசுக்கித்தான் தண்ணீரை நிறுத்தும். சொட்டுகிறதே என்று வீட்டில் மற்றவர்கள் பலம் கொண்ட மட்டும் இறுக்குகிறார்கள், வாஷர் கிழிகிறது, அடுத்து அந்த அம்மாவால் திறக்கவே முடிவதில்லை. ரப்பர் வாஷருக்குப் பதிலாக உள்ளே பீங்கான் வட்டு வைத்து, கால் சுற்றுத் திருப்பினாலே மூடும் செராமிக் டிஸ்க் குழாயை, நீளமான கைப்பிடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். முழங்கையாலும் புறங்கையாலும் தள்ளித் திறக்கலாம், இறுக்க வேண்டியதே இல்லை. குழாய்க்கு முன்னால் சல்லடை வைத்த ஆங்கிள் காக் (சுவரோரம் தண்ணீரை நிறுத்தும் சின்ன வால்வு) ஒன்று போடுங்கள். மணல் வந்தால் டிஸ்கைக் கீறிவிடும். குளியலறையில் வெந்நீர் இடது பக்கம், பச்சைத் தண்ணீர் வலது பக்கம் என்றே எல்லாக் குழாயும் இருக்கும்படி செய்யச் சொல்லுங்கள், வயதானவர்கள் பழக்கத்தில்தான் கை வைப்பார்கள். வாங்கும்போது மாமியாரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். மாதிரிக்கு மாட்டி வைத்திருக்கும் குழாயை அவர் கையால் ஒரு முறை திறந்து மூடிப் பார்க்கட்டும்.